லீசுக்கு வீடு தேடுகிறீர்களா? ஓனரை நேரில் பார்க்காமல் 8 லட்சம் கொடுத்த என் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

சென்னையில் புரோக்கர் மூலமாக லீசுக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்துவிட்டீர்கள் என்றால், படித்து முடிக்கும் வரையாவது பணத்தை அனுப்பாதீர்கள்.

2023 ஜூன் மாதம். பெரம்பூரில் 15,000 ரூபாய் வாடகையில் இருந்தோம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம். லீசுக்குப் போனால், அதாவது ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால், மாத வாடகை மிச்சமாகும், அது பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஆகும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கொளத்தூரில் இரண்டு படுக்கையறை வீடு, முதல் மாடி, 8 லட்சம், இரண்டு வருட லீசு என்று ஒரு ஏஜெண்ட் காட்டினார். கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், வேலைக்கு நாலு பெண்கள், சுவர் நிறைய சாமி படங்கள். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 12 லட்சம் கேட்டார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "ஓனர் துபாய்ல இருக்காரு சார். அவருக்கு அவசரமா பணம் வேணும். பவர் எங்ககிட்டதான் இருக்கு, எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்றார். பவர் என்றால் ஓனருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்.

வீட்டில் மாட்டியிருந்த கரண்ட் அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அதையும் கேட்டேன். "அது ஓனரோட அம்மா பேரு சார், இன்னும் மாத்தல" என்றார். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

சீட்டு எடுத்த பணம் 3 லட்சம், மனைவியின் நகையை வைத்து இரண்டரை, சேமிப்பு இரண்டரை. மொத்தத்தையும் ஏஜெண்ட் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பினேன். 100 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். கமிஷன் என்று தனியாக 15,000 வாங்கிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. குழாய் ரிப்பேர் என்று சொன்னால் அன்றே ஆள் அனுப்புவார்கள்.

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். காலை பத்து மணிக்கு அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தன் தம்பியோடு வாசலில் நின்றார். கும்பகோணத்தில் இருந்து வந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னோம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நாலு மாசமா வாடகை வரல. ஏஜெண்டு போனை எடுக்க மாட்டேங்குறான். நீங்க அவன்கிட்ட ஒழுங்கா கட்டுறீங்களா?"

"வாடகையா? நாங்க லீசுக்கு இருக்கோம்மா. 8 லட்சம் கொடுத்திருக்கோம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மஞ்சள் பைக்குள் இருந்து தன் ஒப்பந்தத்தை எடுத்தார். நானும் பீரோவில் இருந்து என்னுடையதை எடுத்து வந்தேன். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய தாளில் அந்த ஏஜெண்ட் "வாடகைதாரர்". மாதம் 16,000 வாடகை, 50,000 அட்வான்ஸ், உள்வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. என்னுடைய தாளில் அதே ஆள், அதே கையெழுத்து, "உரிமையாளரின் பவர் ஏஜெண்ட்". என்னிடம் கொடுத்திருந்த பவர் பத்திர ஜெராக்ஸை அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். உரிமையாளர் இடத்தில் இங்கிலீஷில் கையெழுத்து இருந்தது.

"இது என் கையெழுத்தே இல்ல தம்பி. முப்பது வருஷம் டீச்சரா இருந்தேன், ஒரு நாளும் நான் இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டதில்ல."

துபாய் ஓனர் என்று யாருமே இல்லை. அட்டையில் இருந்த பெயர் அவருடையதுதான்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓனரிடம் "மாதா மாதம் வாடகை உங்கள் கணக்குக்கு வந்துவிடும், குடித்தனக்காரரோடு நீங்கள் பேசவே வேண்டாம்" என்று சொல்லி வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நம்மிடம் அதே வீட்டை லீசு என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். என் 8 லட்சத்தில் அந்த அம்மாவுக்குப் போனது அட்வான்ஸும் நாலு மாத வாடகையுமாக 1,14,000. மீதி 6,86,000 எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. 8 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டாலும் வருடத்துக்கு 56,000தான் வரும். ஓனருக்குக் கொடுக்க வேண்டிய வாடகையோ வருடத்துக்கு 1,92,000. அடுத்து ஏமாறுகிறவரின் பணத்தில் இருந்துதான் அந்த வாடகையைக் கட்ட முடியும். ஆள் கிடைக்காத மாதம் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

அன்று மதியம் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறக்கியிருந்தது, வெளியே எங்களைப் போலவே பதினோரு பேர். ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தவர். அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

உள்ளூர் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். தனியாகப் போனால் இப்படித்தான் சொல்வார்கள். பதினோரு பேரும் சேர்ந்து, ஒப்பந்த நகல், வங்கி ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்சடித்துக்கொண்டு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். அங்கிருந்து மத்திய குற்றப்பிரிவுக்குப் போய், அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420 (ஏமாற்றுதல்), 406 (நம்பிக்கை மோசடி) பிரிவுகளில் வழக்குப் பதிவானது. புகார் கொடுத்த அன்றே ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்ப வரவில்லை.

வக்கீலிடம் கேட்டபோது, ஓனர் பணம் வாங்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை, அதனால் அவரிடம் கேட்க வழியில்லை என்றார். அந்த அம்மா நினைத்திருந்தால் எங்களை அந்த மாதமே காலி செய்யச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிப்ரவரியில் இருந்து 16,000 வாடகை கட்டி அதே வீட்டில் இருக்கிறோம்.

இந்த முறை ஒப்பந்தம் எனக்கும் அவருக்கும் நேரடியாக. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவும் செய்துவிட்டோம். அந்தப் பதிவில் ஓனரின் விவரங்களையும் கொடுக்க வேண்டும் என்பதால் இல்லாத ஓனரைக் காட்டி ஏமாற்றுவது சுலபமில்லை. உங்கள் ஏஜெண்ட் "பதிவெல்லாம் எதுக்கு சார், வீண் செலவு" என்று சொன்னால் அந்த வீடே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கரண்ட் அட்டையில் இருக்கும் பெயரையும் சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயரையும் ஒத்துப் பாருங்கள். பத்திர எண்ணோ சர்வே எண்ணோ இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இலவசமாகவே பார்க்கலாம். ஓனர் வெளிநாட்டில் என்றால் வீடியோ காலில் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். லீசுத் தொகை அவர் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே போக வேண்டும், வேறு எந்தக் கணக்குக்கும் போகக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். எங்கள் கீழ் வீட்டு அக்காவிடம் அந்த டீச்சரின் போன் நம்பர் ஆரம்பத்தில் இருந்தே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஏற்கெனவே இப்படி ஏஜெண்டிடம் பணம் கொடுத்துக் குடியிருக்கிறீர்களா? இன்றைக்கே உண்மையான ஓனரைத் தேடிப் பிடித்து, மாதா மாதம் அவருக்கு வாடகை வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். "ஆமாம், வருகிறது" என்று அவர் சொன்னால் நீங்களும் இதே வலையில்தான் இருக்கிறீர்கள்; ஏஜெண்டின் அலுவலகம் திறந்திருக்கும்போதே போய் உங்கள் பணத்தைக் கேளுங்கள்.