டிஎன் அலர்ட் செயலி: நெல்லைக்கு எவ்வளவு தூரம் உதவும்?

தமிழக அரசு 2024-இல் கொண்டுவந்த டிஎன் அலர்ட் செயலியில் அடுத்த 4 நாள் வானிலை, அன்றாட மழையளவு, அணைகளின் நீர் இருப்பு, நாம் இருக்கும் இடத்துக்கான வெள்ள எச்சரிக்கை எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன. வீட்டுக்கு ஒரு போனிலாவது இருக்க வேண்டியது. ஆனால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் நெல்லையில் ஏமாந்துபோவோம்.

நிற எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாக வருகிறது. மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளும் ராதாபுரத்துக் காய்ந்த காடும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடும். அதனால் நிறத்தைப் பார்த்த கையோடு மழையளவுப் பக்கத்துக்குப் போங்கள். அதில் வருவது காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கு. அதற்குப் பிறகு பெய்த மழை மறுநாள்தான் சேரும். 6.5 செ.மீ. தொட்டால் கனமழை, 11.5 தாண்டினால் மிக கனமழை, 20.4-க்கு மேல் அதி கனமழை.

அணைப் பக்கம்தான் இந்தச் செயலியின் பலம். பாபநாசத்தின் உச்சம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கக் குழாயால் இணைந்தவை, ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உச்சத்துக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி என்பதுதான் கேள்வி. அணை நிறைந்துவிட்டால் மலையில் இருந்து வரும் நீர் அப்படியே ஆற்றில் இறங்கும்.

இனி செயலி காட்டாத பகுதி. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அது மலை இல்லை, கடற்கரைச் சமவெளி. கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு மூன்றும் பாபநாசத்துக்குக் கீழேதான் தாமிரபரணியில் சேர்கின்றன. அணையில் இடம் இருக்கிறது என்ற நிம்மதி இங்கே செல்லாது.

குளங்கள் இன்னும் முக்கியம். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை என்றால் 1 லட்சம் லிட்டர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 20 செ.மீ. பெய்தால் 20 கோடி லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும் மீதி குளத்துக்குத்தான் வரும். நம் குளங்கள் ஒன்றன் மறுகால் (நிரம்பி வழியும் வாய்) அடுத்ததற்கு வரத்தாக அமைந்தவை. மேலக்குளத்துக் கரை உடைந்தால் கீழக்குளம் தாங்காது. ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊருக்கு மேலே உள்ள குளத்தைப் போய்ப் பாருங்கள்: மறுகாலில் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) சீமைக்கருவேலமும் அடைத்திருக்கிறதா, மடையை ஒட்டிக் கரையில் கசிவு இருக்கிறதா, கரை எங்காவது தாழ்ந்திருக்கிறதா. நகரத்தில் இருப்பவர்கள் பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் ஓடுகின்றன என்று பார்த்தால் போதும். 2023-இல் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயிண்ட்டால் குறித்து வையுங்கள். எந்த வரைபடமும் இதற்கு ஈடாகாது.

மின்னலுக்கு தாமினி செயலி மேல். 20, 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி மக்கள் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் அலை எச்சரிக்கையைத் தனியாகப் பார்ப்பது நல்லது. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது தூரக் கடலில் எழுந்த பேரலை, கரையேறி வரும்.

டிஎன் அலர்ட்டை நிறுவியதும் இருப்பிட அனுமதி கொடுங்கள். போனின் பேட்டரி சேமிப்புப் பட்டியலில் இருந்து செயலியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் வரும் எச்சரிக்கையைக் காலையில்தான் பார்க்க நேரும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் போனில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி ஒட்டுங்கள். வெள்ளத்தில் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். அப்போது திருநெல்வேலி வானொலி கேட்க பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும், மாற்று பேட்டரியோடு.