காம்பஸ் பிளாண்டா, கப் பிளாண்டா?

ஜூலை பிறந்ததும் இல்லினாய்ஸ் புல்வெளிகளில் ஆள் உயரத்தையும் தாண்டி மஞ்சள் பூக்கள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சூரியகாந்திதான். சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கு ஒன்றைத் தேடியபோது கடைசிவரை போட்டியில் நின்றவை காம்பஸ் பிளாண்ட், கப் பிளாண்ட் என்னும் இரண்டு புல்வெளிப் பூச்செடிகள். நான் நட்டது காம்பஸ் பிளாண்ட்.

பூவை வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். தண்டைத் தொட்டுப் பாருங்கள். கப் பிளாண்டின் தண்டு சதுரமாக இருக்கும். எதிரெதிர் இலைகள் அதைச் சுற்றி ஒட்டிக் கிண்ணமாகிவிடும். மழை பெய்த மறுநாள் அதில் தேங்கிய நீரைக் குடிக்கப் பறவைகள் வரும். காம்பஸ் பிளாண்டின் தண்டு உருண்டை, சொரசொரப்பு. கீறல் விழுந்தால் பிசின் கசிந்து உறையும். ஆழமாகப் பிளவுபட்ட அடியிலைகள் விளிம்பை வடக்கு தெற்காக வைத்து நிமிர்ந்து நிற்கும். காலை, மாலை வெயிலை முழுதாக வாங்கிக்கொண்டு உச்சிவெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேர். கப் பிளாண்ட் ஆற்றங்கரை ஈரத்துக்குப் பழகியது. விதையாலும் கிழங்குவேராலும் பரவி, விட்டால் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். தன் தாயகத்துக்கு வெளியே, நியூயார்க் மாநிலத்தில் அது தடை செய்யப்பட்ட செடி. காம்பஸ் பிளாண்டோ ஒரே ஆணிவேரை மூன்று மீட்டருக்கும் கீழே இறக்கி, நட்ட இடத்திலேயே பல பத்தாண்டுகள் வாழும். வறட்சிக்கு அசையாது. முதல் சில ஆண்டுகள் இலை மட்டுமே, பூ கிடையாது. பிறகு இடம் மாற்றவும் முடியாது. அதனால்தான் உழவுக்கு அது தப்பவில்லை. ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி, அதாவது இயற்கைப் புல்வெளி, இருந்தது. தரம் கெடாமல் எஞ்சியது ஏறத்தாழ 2,500 ஏக்கர். பழைய கல்லறைத் தோட்டத்திலோ ரயில் பாதை ஓரத்திலோ காம்பஸ் பிளாண்ட் தானாக நிற்பதைக் கண்டால், அது கலப்பை படாத மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைக் காப்பாற்றப் பாருங்கள்.

இவற்றோடு குழம்பக்கூடிய மூன்றாவது செடி பிரெய்ரி டாக். அதன் அகன்ற இலைகள் அடியிலிருந்தே கிளம்பும், பூந்தண்டு மொட்டையாக உயரும். சிகாகோ அருகே உள்ள மார்ட்டன் ஆர்பொரீடம் என்னும் தாவரத் தோட்டத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நண்பகலிலும் இலை சில்லென்றிருந்தது. வளர்த்த அனுபவம் எனக்கில்லை.

ஈரம் தேங்கும் மூலையும் தாராளமான இடமும் இருந்தால் கப் பிளாண்டை வைக்கலாம். விதையால் பரவாமலிருக்க, அது உதிரும் முன் காய்ந்த பூத்தலைகளை வெட்ட வேண்டும். வெட்டினால் கோல்ட்ஃபிஞ்ச் பறவைகளுக்கு விதை கிடைக்காது.