நான்கு நாள் குடிநீர்ப் பயிற்சி: மணல் கழுவக் கற்றேன், காத்திருக்கக் கற்கவில்லை

வசதியற்ற குடியிருப்புகளில் பணியாற்றும் களப்பணியாளர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய நான்கு நாள் குடிநீர்ப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். திரையில் படம் காட்டிச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் பயிற்சிகளுக்குப் பழகிப்போன எனக்கு, முதல் நாள் காலையிலேயே மணல் சலிக்க உட்கார வைத்தது வியப்பாக இருந்தது.

பயிற்சியின் மையம், 1990களில் கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் உருவாக்கிய வீட்டு மணல் வடிகட்டி. கழுவிய மணலைக் கண்ணாடிக் குப்பியில் நீரோடு சேர்த்துக் குலுக்கி, சில நொடிகளில் மணலின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். தெரியாவிட்டால் இன்னும் கழுவ வேண்டும். அளவுக்கு மீறிக் கழுவினாலோ நுண்துகள்கள் போய்விட, நீர் தேவைக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கு மேல் நீர் வரக் கூடாது என்பதைக் கடிகாரத்தை வைத்து நாங்களே அளந்தோம். எங்கள் குழுவின் வடிகட்டி முதல் சோதனையில் தேறவில்லை. மணலை வெளியே அள்ளி மறுபடி நிரப்பிய அந்த மதியத்தில் கற்றதை எந்தக் கையேடும் கற்றுத் தந்திருக்காது.

நீரைச் சேமிக்கும் பாடமும் சிறப்பாகவே அமைந்தது. தூய நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அனைவரும் கைவிட்டு மொண்ட பிறகு எடுத்த மாதிரியையும், குறுகிய வாயும் குழாயும் உள்ள கலத்திலிருந்து எடுத்த மாதிரியையும் ஒன்றாகச் சோதித்துக் காட்டினார்கள். குளோரின், கொதிக்க வைத்தல், தெளிந்த நீரைப் புட்டியில் ஊற்றி 6 மணி நேரம் வெயிலில் வைக்கும் முறை ஆகியவை போதுமான அளவில் வந்துபோயின. ஆர்செனிக், ஃபுளோரைடு போன்றவற்றை இந்த வடிகட்டி நீக்காது என்பதை மறைக்காமல் சொன்னது நேர்மையான செயல்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மணலின் மேல்பரப்பில் கிருமிகளை உண்ணும் உயிர்ப்படலம் முழுமையாக வளர ஒரு மாதம்வரை ஆகும். அதுவரை வடிந்த நீரைக் குளோரினாலோ கொதிக்க வைத்தோ தூய்மைப்படுத்தியாக வேண்டும். நான்கே நாளில் முடிந்துபோகும் பயிற்சியில் முதிர்ந்த வடிகட்டியை ஒருவரும் காணவில்லை. அந்த முதல் மாதத்தைக் குடும்பத்தினரிடம் எப்படி விளக்குவது என்பதற்குக் கடைசி நாளில் அரை மணி நேரமே ஒதுக்கினார்கள். பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலை தனிப் பாடமாகவே இருக்க வேண்டியது. நாங்களோ பொறியியலைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேச்சுக்குத் திணறினோம்.

இதன் விளைவை இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டில் பார்த்தேன். நாங்கள் அமைத்த வடிகட்டியின் வெளியேறு குழாயில், நீர் வீணாகக் கூடாதென்று அந்த அம்மா ஒரு திருகு குழாயை மாட்டியிருந்தார். அதை மூடியதும் மணலுக்கு மேல் 5 செ.மீ. நிற்க வேண்டிய நீர் சாண் உயரத்துக்கு நின்றது; இந்நிலையில் உயிர்ப்படலத்துக்குப் போதிய காற்று கிடைக்காது. அவர் செய்தது சிக்கனம். சொல்லத் தவறியது நாங்கள்.

செய்முறைக்காகப் பிற களப்பணியாளர்களை இப்பயிற்சிக்குத் தயங்காமல் அனுப்புவேன். ஒரு மாதம் கழித்து அதே வடிகட்டியின் முன் அனைவரையும் மறுபடி கூட்டும் ஐந்தாவது நாளைச் சேர்க்கும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.