அம்மா வீட்டு வாசல் புங்கமரம்

இந்த முறை சென்னைக்கு அவசரமாகக் கிளம்பியது அம்மாவின் காலுக்காக. மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில், புங்கமர வேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல்லில் தடுக்கி விழுந்து கணுக்காலில் விரிசல். மூன்று வாரம் இருந்தேன். அதில் பாதி நாள் அந்த மரத்தோடு போனது.

"வேரை வெட்டிச் சமன் பண்ணிடலாம்மா, ஆள் இருக்கான்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எனக்கு மனம் ஒப்பவில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் தெருவில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தபோதும் இது அசையவில்லை. அதைப் பிடித்து நிறுத்திய வேரை வெட்டினால் அடுத்த புயலில் வீட்டின் மேல்தான் விழும். தவிர, தெருமரம் மாநகராட்சியின் சொத்து. வெட்டுவதென்றால் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

நான் இருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வாசலில் நிற்கும் தெருமரத்தைப் பராமரிப்பதும், அதன் வேர் உடைத்த நடைபாதையைச் சரிசெய்வதும் வீட்டுக்காரர் செலவு. ஆனால் மரத்தை எடுக்க நகரம் அனுமதி தரவேண்டும். பழுதான நடைபாதையில் யாராவது விழுந்தால் நஷ்டஈடும் வீட்டுக்காரர் தலையில் விழலாம். அந்த விதி செல்லும் என்று 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்கள் வாக்களித்து, ஆண்டுக்கு 1.9 கோடி டாலர் ஒதுக்கவைத்து, தெருமரத்தையும் அது உடைக்கும் நடைபாதையையும் நகரத்தின் பொறுப்பாக்கினார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நிழல் தெருவுக்கே விழுகிறது, செலவை மட்டும் ஒரு வீடு ஏன் சுமக்க வேண்டும்?

அந்த நினைப்போடுதான் சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்தேன். மாநகராட்சியின் 'நம்ம சென்னை' செயலியில் படமும் ஏற்றினேன். (வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: பக்கத்துக் கதவு எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், புகார் எண்ணைக் குறித்துவைத்து ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.) நான்காம் நாள் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். கல்லைப் பார்ப்பதற்கு முன் மரத்தின் அடியைப் பார்த்தார்.

"இந்தச் சிமென்ட் சரிவு யார் போட்டது மேடம்?"

அப்பா போட்டது. கார் ஏற்றுவதற்காக, அடிமரத்தை ஒட்டியே பூசியிருந்தோம். பூசிப் பதினைந்து வருடம் இருக்கும். மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் போகாவிட்டால் வேர் கீழே இறங்காது, கல்லுக்கு அடியில் ஈரம் தங்கும் இடத்தைத் தேடி மேலாகவே ஓடும், பருக்கப் பருக்கக் கல்லைத் தூக்கும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா விழுந்ததில் எங்கள் பங்கும் இருந்திருக்கிறது.

சரிவை நாங்களே உடைத்தோம். கொத்தனார் கடப்பாரையால் வேரில் படாமல் பெயர்த்தெடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மண் தெரிந்தது. நடைபாதைக் கல்லை அடுத்த வாரம் வந்து மாநகராட்சி ஆட்களே மாற்றிப் போட்டார்கள், வேர் போகும் இடத்தில் சற்று உயர்த்தி, மெல்லச் சரியவிட்டு. கார் இப்போது தெருவோரம் நிற்கிறது.

எதிர்வீட்டு வேம்புக்கு இன்னும் அடிவரை சிமென்ட்தான். கால் கட்டோடு அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்களிடம் தினமும் இதையே பேசிக்கொண்டிருக்கிறார்.