பேன் மருந்து, பேன் சீப்பு: மூன்று வருட அனுபவம்

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். பெரியவள் நாலாம் வகுப்பு போனபோது தலையில் பேன் வந்தது. மூன்று வருடமாகப் போகும், திரும்ப வரும். என்னென்ன செய்தேன், எது கேட்டது என்று எழுதுகிறேன்.

முதலில் சீத்தாப்பழ விதைப் பொடி. தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். தலைக்கு ஊற்றும்போது கண்ணில் வழிந்துவிட்டது. இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் பிள்ளை அழுதது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. அந்த விதை கருவிழியையே புண்ணாக்கும் என்றார் கண் டாக்டர். பேன் செத்தது உண்மைதான், ஆனாலும் யாரும் செய்யாதீர்கள். மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து மருந்துக்கடையில் வாங்கிய 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். தலையை அலசித் துவட்டி, ஈரம் இருக்கும்போதே தடவி, 10 நிமிடத்தில் அலச வேண்டும். அரிப்பு சட்டென்று குறைந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பேன். மருந்து பேனைக் கொல்லும், ஈரை விட்டுவிடும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். 9ஆம் நாள் இன்னொரு தடவை போட்டிருக்க வேண்டும்.

அப்படிப் போட்டும் ஒருமுறை வந்தது. எங்கள் மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். நனைந்த முடியை அப்படியே கொண்டை போட்டுத் துணி கட்டிக்கொள்வார். சின்னவள் தூங்குவது அவர் மடியில்தான். "நான் உப்புத்தண்ணியில முங்கி எந்திரிக்கிறவ, எனக்கு எங்கிட்டு பேன்?" என்பார். பேன் முடியைக் கவ்விக்கொண்டு தண்ணிக்குள் மணிக்கணக்கில் கிடக்கும். அவர் தலையையும் அன்றே பார்த்து மருந்து போட்ட பிறகுதான் வீட்டுக்குள் சுற்றுவது நின்றது.

நான் அதிகம் நம்புவது நெருக்கப் பல் வைத்த ஸ்டீல் சீப்பைத்தான். ஈர முடியில் கண்டிஷனர் தடவி, நாலு வகிடாகப் பிரித்து, பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுப்பேன். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைப்பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அதிகம். எள்ளைவிடச் சின்னது. பொடுகு தட்டினால் உதிரும், ஈர் உதிராது. இரண்டு நகத்துக்கு நடுவில் முடியைப் பிடித்து உருவ வேண்டும். மூன்று நாளைக்கு ஒருதரம் என்று இரண்டு வாரம் விடாமல் வாரினேன். நல்ல தண்ணியைக் குடக்கணக்கில் வாங்கும் வீட்டில் இது சிரமம்தான், அதனால் வாரி முடித்துக் கடைசியில் ஒரே தடவை அலசுவேன்.

இப்போது ஞாயிறு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேர் தலையையும் வாரிவிடுகிறேன். ஏழு மாதமாகத் துணியில் ஒன்றும் விழவில்லை.