ஜாங்கோவின் ஸ்டாட்டிக் கோப்புகளோடு நான்கு ஆண்டுக் குடித்தனம்

நண்பர் நேற்றுக் கேட்டார்: "சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு ஜாங்கோவில் இருப்பதே போதுமா, வீட் போடவேண்டுமா?" ஜாங்கோ என்பது பைத்தானில் வலைத்தளம் கட்டும் சட்டகம்; வீட் (Vite) என்பது இந்தக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டித் தரும் தனிக் கருவி. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் தளத்தின் ரசீதுப் பக்கம் படுத்திருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவிலேயே இருக்கும் மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் எம்டி5 என்ற கைரேகை போன்ற குறியீட்டைக் கணக்கிட்டு, அதில் 12 எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிவிடுகிறது; எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியல்தான் மேனிஃபெஸ்ட். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும், உலாவியும் பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு, "கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள் சார்" என்று வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் கெஞ்சுவேன். அந்தக் கெஞ்சல் ஒழிந்தது. ஸ்டாட்டிக் கோப்புகளைப் பரிமாறும் ஒயிட்நாய்ஸ் என்ற நூலகத்தையும் சேர்த்துக்கொண்டேன், அது இந்தக் கோப்புகளைப் பத்து ஆண்டு வைத்துக்கொள்ளும்படி உலாவிக்குச் சொல்லி அனுப்புகிறது. பக்கம் பறக்கிறது.

இனி வயிற்றெரிச்சல். ஜாங்கோ 3.2-இலிருந்து 4.0-க்கு ஏறிய இரவில், கோப்புகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளை பாதியில் நின்றது. காரணம், யாரோ எழுதிய தேதி தேர்வு நூலகம் ஒன்று. அதன் கடைசி வரியில் ஒரு சோர்ஸ் மேப் குறிப்பு; சுருக்கிய குறியீட்டை அதன் மூலத்தோடு பொருத்திக் காட்டும், பிழை தேடுபவர்களுக்கான கோப்பு அது. அந்த மேப் கோப்பை அவர்கள் பொட்டலத்தில் வைக்கவே இல்லை. 4.0 முதல் ஜாங்கோ அந்தக் குறிப்பையும் பின்தொடர்கிறது. எந்தப் பயனரும் பார்க்கப்போகாத ஒரு கோப்புக்காக விடியும்வரை விழித்திருந்தேன்.

ரசீதுப் பக்கத்தின் கதை இன்னும் அற்பம். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, டெம்ப்ளேட்டில் நான் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். என் மேக் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை; நிரல் எழுதும்போது வைத்திருக்கும் டீபக் நிலையில் ஜாங்கோ மேனிஃபெஸ்ட்டை எட்டிப் பார்ப்பதும் இல்லை. லினக்ஸ் சர்வரிலோ அந்தப் பெயர் மேனிஃபெஸ்ட்டில் இல்லை என்பதால் பக்கம் முழுவதும் 500, அதாவது சர்வர் பிழை. சாதாரணமாக ஒரு படம் வராவிட்டால் அந்த இடம் மொட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே ஒரு லோகோவுக்காக ரசீதே கிடையாது! பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை? மேனிஃபெஸ்ட் ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பை அணைத்தாலும், கோப்பே இல்லையென்றால் பிழை வரத்தான் செய்யும்.

கோப்புகளைச் சேர்த்து மூட்டை கட்டும் வேலை ஜாங்கோவிடம் இல்லை என்பதால் நண்பருக்கு "வீட் போடுங்கள்" என்று பதில் எழுதினேன். வீட் கட்டித் தருவதையும் கடைசியில் கலெக்ட்ஸ்டாட்டிக்தான் அள்ளவேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். என் தளத்தில் எதையும் மாற்றுவதாக இல்லை. படத்தின் பெயரை மட்டும் திருத்தினேன்.