சிசிலிக் கலியாணத்துக்கு ஏஜென்சி பிடித்துப் போன கதை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

அக்காவின் மகள் ரொறன்ரோவில், மாப்பிள்ளை சூரிச்சில், நாங்கள் பரந்தனில், கலியாணம் இத்தாலியின் சிசிலித் தீவில். ஏன் ஊரில் வைக்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு இங்கே வெயில் தாங்காது என்று பிள்ளைகள் சொன்னார்களாம். 2021 ஓகஸ்ட்டில் 48.8 பாகை எறித்து ஐரோப்பாக் கண்டத்துக்கே சாதனை வைத்த தீவு அது. அதை நான் அம்மாவுக்குச் சொல்லப் போகவில்லை.

போனது மூன்று பேர்: நான், 72 வயது அம்மா, 11 வயது மகன். வீட்டுக்காரர் சிறுபோக நெல் வெட்டு என்று வயலோடு நின்றுவிட்டார். வவுனியாவில் ஒரு ஏஜென்சியிடம் விசா ஃபைல், ரிக்கற், இன்சூரன்ஸ், தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படைத்தோம். பெயர் போடமாட்டேன், கேட்காதீர்கள். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: இன்சூரன்ஸுக்கும் அம்மாவின் சக்கர நாற்காலிக்கும் முழுப் புள்ளி, ரிக்கற்றுக்குப் பூச்சியம், மற்றதெல்லாம் நாங்களே செய்திருக்கலாம்.

ரிக்கற்றிலிருந்து தொடங்குகிறேன், கோபம் அங்கேதான் இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து டோஹா வழியாக ரோம் வரைக்கும் ஒரு ரிக்கற். ரோமிலிருந்து சிசிலியின் தலைநகரான பலேர்மோவுக்கு வேறொரு மலிவு விமானத்தில் தனி ரிக்கற். இடையில் இரண்டரை மணித்தியாலம். "அக்கா, அது தாராளம்" என்றார் ஏஜென்சியில் இருந்த தம்பி. தனித்தனி ரிக்கற் என்றால் என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பெட்டி நேரே போகாது, ரோமில் நாங்களே இறக்கி எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், முதல் விமானம் சுணங்கினால் இரண்டாவது விமானக்காரருக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. சுணங்கியது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பலேர்மோக் கவுண்டரை மூடிவிட்டார்கள். அந்தக் காசு போனது போனதுதான். இனிப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் 2025 ஒக்ரோபர் 12 இலிருந்து எல்லையில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிற புது முறை தொடங்கிவிட்டது, வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யார் கண்டது. கொழும்பிலிருந்து இஸ்தான்புல் போய் அங்கிருந்து நேரே சிசிலிக்குப் போகலாம், பலேர்மோவிலும் கத்தானியாவிலும் இறங்கலாம். பத்தாயிரம் கூடினாலும் பரவாயில்லை, முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் போடச் சொல்லுங்கள்.

அன்றைக்கு மிச்சமிருந்த விமானங்களின் விலையைப் பார்த்துவிட்டு ரோமிலிருந்து இரவு ரயில் எடுத்தோம். பயணத்திலேயே நல்ல பகுதி அதுதான், அதற்காக ஏஜென்சிக்கு நன்றி சொல்ல முடியாது. விடியப்புறம் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயில் நின்றது. முன்னுக்குப் பின்னுக்கு இழுத்துப் பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள், பிறகு இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம், யன்னலுக்கு வெளியே திடீரென்று இருட்டு. அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு எழும்பி இருந்தா.

"இதென்ன பிள்ளை, ரெயினைக் கப்பலுக்கை ஏத்துறாங்கள்?"

ஏற்றத்தான் செய்தார்கள். இத்தாலிப் பெருநிலத்தையும் சிசிலியையும் பிரிக்கிற மெசினா நீரிணையின் ஒடுங்கிய இடம் மூன்று கிலோமீற்றர் சொச்சம், ரயிலோடு கடக்கிறார்கள். நானும் மகனும் மேல்தட்டுக்கு ஏறிப் போனோம், அம்மா வரமாட்டேன் என்றுவிட்டா. திரும்பி வந்தபோது பக்கத்துப் பெட்டியில் இருந்த இத்தாலிக்கார மனிசிக்கு, யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்கு மிதவைப் பாதையில் வான் ஏற்றிப் போன கதையைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தா, அந்த மனிசியும் தலையாட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு 2011 இல் பாலம் வந்துவிட்டது. மெசினாவுக்குப் பாலம் பேச்சில்தான் இருக்கிறது.

இனி விசா. இத்தாலி, சுவிஸ் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒரே விசாதான், ஷெங்கன் என்பார்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 45, அதற்கு மேல் விசா மையத்தின் கட்டணம் வேறு. கைரேகைக்கு ஆள் நேரே கொழும்பு போகத்தான் வேண்டும், அதை எந்த ஏஜென்சியும் உங்களுக்காகச் செய்ய முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் கொடுக்க முடியாது. நாங்கள் முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகப் போய், விடியக் கொழும்பில் வரிசையில் நின்றோம்.

ஏஜென்சி செய்த பெரிய பிழை இதுதான். கலியாணத்துக்கு ஐந்து நாள், பிறகு சூரிச்சில் எட்டு நாள் என்று திட்டம் எழுதி, இத்தாலிக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார்கள். எந்த நாட்டில் கூடுதலான நாள் நிற்கிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், இது முதல் பாடம். பலேர்மோவில் முப்பது வருசமாக இருக்கும் சித்தப்பாவின் மகன்தான் வட்ஸப்பில் பார்த்துவிட்டுப் பிடித்தான். சூரிச்சை வெட்டி எல்லா நாளையும் சிசிலிக்கே மாற்றினோம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. "யாரிட்டையும் கைமாறி ஒரு பத்து இலட்சம் போட்டுக் காட்டுங்கோ அக்கா" என்று சொன்னார்கள். செய்யாதீர்கள். கடைசி மாதங்களின் கூற்றைப் பார்க்கிறவனுக்கு அந்தக் காசு வந்து விழுந்த திகதி கண்ணில் குத்தும். நாங்கள் நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், அக்காவின் பொறுப்புக் கடிதம், கலியாண மண்டபம் பதிவு செய்த கடிதம், வயல் பெர்மிட் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தோம். வன்னியில் பாதிப் பேரிடம் காணி உறுதி கிடையாது, அரசாங்கம் தந்த பெர்மிட் காணிதான், அதனால் அது என்ன கடதாசி என்று ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி மேலே குத்தினேன். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் 2009 இல் போன சாமான்களோடு போய்விட்டது. உத்தேச வயதுச் சான்றிதழ்தான் கொடுத்தோம், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும், அம்மாவின் வயதுக்குத் தகுந்த மாதிரிப் பார்த்து எடுத்துத் தந்தார்கள். ரிக்கற்றிலேயே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்திருந்தார்கள், அதற்குச் சதமும் இல்லை. டோஹாவில் அந்த நீள நடையை அம்மாவால் நடந்திருக்கவே முடியாது.

"விருந்தினர் ஆலோசனை" என்று கலரில் இரண்டு பக்கம் அச்சடித்தும் தந்தார்கள். லினன் உடுப்பு, வெயில் கண்ணாடி, வைன் ருசி பார்க்கிற தோட்டங்கள். சாப்பாட்டுச் சாமான் எதுவும் கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு வரி. அதுவும் பிழை. இறைச்சியும் பால் சாமானும்தான் கூடாது, ஆகவே நெய்ப் போத்தலை வீட்டில் விடுங்கள். கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, துரியானுக்குத் தடை இல்லை. மற்றப் பழம், இலை, பூ எல்லாவற்றுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அதாவது கறிவேப்பிலை, வெற்றிலை, மாவிலை, மல்லிகை ஒன்றும் போகாது. கலியாணத்துக்கென்று அம்மா ஈரத்துணியில் சுற்றி வைத்த வெற்றிலை ரோமிலேயே போனது. பிறகு பலேர்மோவில் பலாரோ சந்தைப் பக்கம் வெற்றிலையே வாங்கினோம், மாவிலை மட்டும் பிளாஸ்ரிக்.

கலியாணம் செபலூவில். பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள், கடற்கரை ஊர், 1131 இல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம் இருக்கிறது, படத்துக்கு நல்ல இடம்தான். ஏஜென்சி பதிந்த தங்குமிடம் பழைய தெருவில் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, தெரு முழுக்கக் கல். அம்மா முதல் நாளே முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. அடுத்த நாள் பலேர்மோவில் சித்தப்பாவின் மகன் வீட்டுக்கு மாறினோம், கலியாணத்தன்று காலை ரயிலில் போய் வந்தோம். அங்கே உறவு இல்லாதவர்களும் பலேர்மோவிலேயே அறை எடுங்கள். சின்ன ரயில்களுக்குக் கடதாசி ரிக்கற் எடுத்தால் ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கும் மெசினில் குத்த மறக்காதீர்கள், மறந்தால் தண்டம். எங்கள் மூன்று கால் பிளக் அங்கே போகாது, இங்கிருந்தே மாற்றி வாங்கிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரருக்குப் பயமில்லை. கடலைமாவில் தட்டையாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லே என்று ஒன்று, அம்மா நாலு நாள் அதிலேயே ஓட்டினா. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்கிற கப்பொனாத்தாவும் சோற்றோடு சேரும். அரன்சீனி என்ற பொரித்த சோற்று உருண்டை பார்க்க அப்பாவி போல இருக்கும், உள்ளே மாட்டிறைச்சியோ பன்றித்தொடையோ இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்சியின் கடதாசியில் ஒரு வரியும் இல்லாத இடம்தான் அம்மாவுக்கு மனதில் நிற்கிறது. செப்டம்பர் 4 சாந்தா ரோசாலியாவின் திருநாள். 1624 இல் கொள்ளை நோயிலிருந்து பலேர்மோவைக் காப்பாற்றியதாக நம்பப்படுகிற புனிதை. பெல்லெக்ரீனோ மலையில் குகைக்குள் கோயில். சைவக்காரத் தமிழர்களும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள், பொட்டோடும் சேலையோடும். நாங்கள் காரில்தான் போனோம். குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்து ஏந்தி வழித்துவிடுகிறார்கள். அம்மா பீலிக்குக் கீழே கையை நீட்டி, ஒரு சொட்டு விழும் வரைக்கும் நின்று, அதை என் மகனின் நெற்றியில் தடவினா. "மடு மாதா மாதிரித்தான்" என்றா.

தவறிய ரிக்கற்றின் காசில் பாதியைத் தருவதாக ஏஜென்சிக்காரர் சொல்லி ஐந்து கிழமையாகிறது. போன கிழமை எடுத்தபோது முதலாளி கொழும்பில் என்றார்கள். காசு வந்தால் இதிலேயே கீழே எழுதிவிடுகிறேன்.